துடக்குக் கழிந்த நாள்

காகிதக் கட்டு, மேசையின் விளிம்பில் வழுக்கி என் காலடியில் விழுந்தது. சணல் நூலால் நான் கட்டியிருந்த முடிச்சு அவிழவில்லை. பதினொரு விண்ணப்பங்களும் ஒன்றாகவே விழுந்தன.

"எட்டுப் பிள்ளை. ஒரே ஊர். ஒரே நாள்," என்றார் பிறப்புப் பதிவுக்குப் பொறுப்பான அதிகாரி. "என்ன தம்பி, அண்டைக்கு அந்த ஊரில பிள்ளை மழை பெய்ததோ?"

அலுவலகத்தில் சிரித்தார்கள். பக்கத்து மேசையில் இருந்தவர், "குடையும் கொண்டு போகல்லப் போல," என்று சேர்த்துக்கொண்டார். மறுபடியும் சிரித்தார்கள்.

நான் குனிந்து கட்டை எடுத்தேன். அதன் மேற்புறத்தில் தேநீர்க் கோப்பையின் ஈர வட்டம் காய்ந்திருந்தது. மூன்று வாரங்களாக அந்தக் கட்டு அவருடைய மேசையில் கோப்பை வைக்கும் தட்டாகக் கிடந்திருக்கிறது.

சென்ற வாரக் குறிப்பைப் படித்த வாசகர் ஒருவர், "இத்தனை ஆண்டுகள் கழிந்தும் உங்கள் எழுத்தில் கோபம் ஏன் ஆறவில்லை?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். அந்த ஈர வட்டத்தைப் பற்றி நான் இதுவரை எழுதவில்லை என்பது அவருடைய கடிதத்தைப் படித்த பிறகே உறைத்தது.

ஆளில்லாத பிள்ளைகள்

அப்போது நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருட மாணவன். அங்கே நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கியிருந்தோம். அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. பெயர் வைத்தால், வாவியின் இரு கரைகளிலும் அந்தப் பெயருக்கு யாராவது விளக்கம் கேட்பார்கள் என்று பயந்தோம்.

வேலை இதுதான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் ஏராளம். சான்றிதழ் இல்லையேல் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லையேல் சாதாரண தரப் பரீட்சை இல்லை. பரீட்சை கிடக்கட்டும், இறங்குதுறையில் இருந்த இராணுவச் சாவடியைத் தாண்டி இக்கரைக்கு வருவதற்கே வழியில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அந்தப் பிள்ளைகள் பிறக்கவேயில்லை. ஆனால் பிறக்காத அவர்களுக்குப் பசி எடுத்தது, கணக்குப் பாடம் விளங்கியது, பதினாறு வயதும் வந்தது.

அந்த நாட்களில் அடையாளமும் பள்ளிக்கூடமும் இல்லாத பதினாறு வயதை இரு கரைகளும் எப்படிப் பார்த்தன என்பதை அக்காலத்தைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இக்கரையில் இராணுவத்துக்கு அது சந்தேகத்துக்குரிய வயது. அக்கரையில் இயக்கத்துக்கு அது ஆள் சேர்ப்பதற்கான வயது. பரீட்சை எழுதப் போகிற பிள்ளை என்பது ஒரு மெல்லிய வேலி. நாங்கள் செய்ய முயன்றதெல்லாம் அந்த வேலிக்கு ஒரு கம்பு நடுவதுதான்.

உன்னிச்சைப் பக்கமாக உள்ளே போகும் பாதையில் ஓர் ஊர். பெயரை எழுதவில்லை. அந்தப் பாடசாலையில் அந்த வருடம் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியவர்களில் பதினொரு பேருக்குச் சான்றிதழ் இல்லை. அவர்கள் பிறந்த காலத்தில் கலவரம். வாவியைக் கடக்கும் மிதவை வாரக்கணக்கில் ஓடவில்லை. பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன. பதிவாளர் இருந்தது இக்கரையில். நிலைமை சீரானதும் போய்ப் பதியலாம் என்று இருந்தார்கள். நிலைமை சீராகவில்லை.

நாங்கள் நால்வரும் எடுத்த முடிவு

எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் ஆண்கள், இரண்டு பேர் பெண்கள். சாவடியில் பெண்களைச் சோதிக்கும் விதம் எங்களுக்குத் தெரியும். ஆகவே பெண்களை அக்கரைக்கு அழைத்துச் செல்வதில்லை என்று நாங்கள் நால்வரும் கூடி முடிவெடுத்தோம். அந்த முடிவை எடுக்கும்போது அவர்கள் இருவரும் அந்த இடத்தில் இருக்கவில்லை. அது எங்களுக்குத் தவறாகவும் தோன்றவில்லை.

அவர்கள் இருவரில் நளினி மட்டும் கேட்டாள்: "நீங்க போய்ப் பொம்புளையளிட்டப் பிள்ளைப்பேறு விசாரிக்கப் போறீங்களா?"

"ஏன், வாயில்லையா எங்களுக்கு?" என்றான் ஜெயந்தன். எங்கள் குழுவின் தட்டச்சு அவன் பொறுப்பு. பகிடியும் அவன் பொறுப்புத்தான்.

"வாய் இரிக்கி. அதுதான் எனக்குப் பயம்," என்றாள் நளினி.

ஜெயந்தனும் நானும் போனோம். பாடசாலை முற்றத்தில் தாய்மார் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "பிள்ளை எப்ப பிறந்த?" மூன்று பேர் திகதியைச் சொன்னார்கள். மற்ற எட்டுப் பேருக்கும் அது நினைவில்லை. "அந்த நேரம் ஊரில என்ன நடந்தது?" என்று கேட்டேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு, மெல்லிய குரலில், ஒருவர் பின் ஒருவராக ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"அது மனே, அம்மாள் கதவு திறந்த நேரம்."

அம்மாள் என்றால் கண்ணகை அம்மன். வருடம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் அந்தக் கோயில், வைகாசியில் ஒரு முறை சடங்குக்காகத் திறக்கும். முதல் நாள் கதவு திறப்பு. ஏழாம் நாள் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி, அத்தோடு மறுபடியும் பூட்டு. எனக்கு ஒரே மகிழ்ச்சி. பஞ்சாங்கத்தைப் பார்த்தால் கதவு திறந்த திகதி கிடைத்துவிடும். மக்களின் ஞாபகம் எவ்வளவு துல்லியமானது என்று ஜெயந்தனுக்கு ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். எட்டுப் பேருக்கும் அந்தத் திகதியை என் கையாலேயே எழுதினேன். தாய்மார் சத்தியக் கடதாசியில் கைநாட்டு வைத்தார்கள்.

அவர்களில் ஒருத்தி பூமணி. அவளுடைய கணவர் ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்டவர், திரும்பவில்லை. ஒரே மகள் தவமலர். வகுப்பில் கணக்கில் அவளைத் தாண்ட ஆளில்லை என்று அதிபர் சொன்னார். பூமணி பெருவிரலில் ஒட்டிய மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "சுறுக்கா முடிச்சுத் தாங்க மனே. எனக்கு விசா வந்திட்டு. நான் போகக்குள்ள இவள்ற அலுவல் முடிஞ்சிரிக்கணும்," என்றாள். வீட்டு வேலைக்காக வளைகுடா நாடு ஒன்றுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

முடித்துத் தருகிறோம் என்றேன்.

பிள்ளை மழைக்கு விளக்கம்

கட்டு மூன்று வாரம் தேநீர்க் கோப்பையைத் தாங்கியது. பூமணி புறப்பட்டுப் போன இரண்டாம் நாள் அதைத் திறந்து பார்த்து என் காலடியில் எறிந்தார்கள். அடையாள அட்டைக்கான விண்ணப்பங்களைப் பாடசாலை அனுப்புவதற்கு அந்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று திங்கட்கிழமை.

மறுநாள் காலை மிதவையில் ஏறினோம். பலகைத் தளமும் இரு பக்கமும் கயிறும் கொண்ட அந்த மிதவையில் சைக்கிள்களும் ஆடுகளும் மனிதர்களும் சமமாக நின்று பயணம் செய்வார்கள். அந்த முறை நளினியும் ஏறினாள். யாரும் அவளை அழைக்கவில்லை. யாரும் தடுக்கவுமில்லை. சாவடியில் அவளை நெடுநேரம் வைத்திருந்தார்கள். வெளியே வந்தவள் எங்கள் முகத்தைப் பார்க்காமல், "நடங்க," என்று மட்டும் சொன்னாள்.

பாடசாலையில் தாய்மாரிடம் விடயத்தைச் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாய் ஊரில் இல்லாததால் தன் பெயருக்காகத் தானே வந்து நின்ற தவமலர்தான் முதலில் வாய் திறந்தாள்.

"அண்ணன், கதவு திறந்த அண்டைக்கு நான் பிறக்கல்ல. அண்டைக்கு அம்மா துடக்கோட வீட்டில கிடந்தவ."

எனக்கு விளங்கவில்லை. நளினிக்கு விளங்கியது. அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. அந்த நாட்களில் அந்த வீட்டார் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. வருடத்தில் ஏழு நாள் மட்டும் திறக்கும் கோயில், பச்சை உடம்போடு படுத்திருந்தபோது திறந்து மூடியது என்றால், அது ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் மறக்காது. 'அந்த நேரம் என்ன நடந்தது' என்று நான் கேட்டேன். தங்களுக்கு வலித்ததை அவர்கள் சொன்னார்கள். ஒவ்வொருத்திக்கும் பிள்ளை ஒவ்வொரு நாளில் பிறந்திருக்கிறது. அவர்கள் எல்லாரும் தவறவிட்ட கதவு ஒன்றுதான். நான் கதவின் திகதியைப் பிள்ளைகளின் பிறந்த திகதியாக எழுதிவிட்டேன்.

"அம்மா எப்பவும் என்னை ஏசுவா," என்றாள் தவமலர். "ரெண்டு நாள் முந்திப் பிறந்திருக்கக் கூடாதாடி, நான் குளிர்த்தி பாத்திருப்பனே எண்டு. குளிர்த்தி முடிஞ்சு ரெண்டாம் நாள்தானாம் அவக்குத் துடக்குக் கழிஞ்சது."

நளினி தலையை நிமிர்த்தினாள். "அப்ப, கழிஞ்ச நாளில இருந்து முப்பத்தொரு நாள் பின்னுக்கு எண்ணினா?"

"அதுதான் நான் பிறந்த நாள்," என்றாள் தவமலர். அவள் அதை முன்பே எண்ணி வைத்திருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

முற்றத்தில் நடந்த வழக்கு

அதன் பிறகு முற்றத்தில் எழுந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியுமா தெரியவில்லை. முதல் முறை குனிந்த தலையோடு பேசியவர்கள், நளினியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு வழக்காடினார்கள்.

"எனக்குக் கதவு திறந்து மூணாம் நாள் கழிஞ்சது. நாலாம் நாள் நான் கோயிலுக்குப் போன."

"நாலாம் நாள் நீ எங்ககா போன? மடை வைக்கக்குள்ள உன்னை நான் காணல்ல."

"நீ என்னைக் காண ஏலாது கனகம்மா, நீ வீட்டுக்குள்ள கிடந்த. உனக்குக் குளிர்த்தி முடிஞ்சு அடுத்த நாள்தான் கழிஞ்சது. உன்ர புருசன்தான் துடக்கோட ஒளிச்சு வந்து குளிர்த்தி பாத்தவன்."

"ஆர் சொன்ன?"

"ஊரே சொன்னது. அந்த வருசம் மாரி பிழைச்சது பின்ன ஆரால?"

கனகம்மா சேலையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு, "அவன் பாத்திட்டு வந்து எனக்குச் சொன்னவன்தான். நான் அழுதழுது கேட்டுக்கொண்டு கிடந்த," என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நளினி எழுதினாள். ஜெயந்தன் பஞ்சாங்கத்தை வைத்துப் பின்னோக்கி எண்ணினான். ஒருத்தி சொன்ன நாளை இன்னொருத்தி மறுத்து, மூன்றாமவள் சாட்சி சொல்லி, எட்டுப் பிள்ளைகளுக்கும் எட்டு நாட்கள் வந்தன. நான் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஆய்வு முறைகள் படித்தவன். அந்த முற்றத்தில் நடந்ததைவிட நேர்மையான ஓர் ஆய்வை அதன் பின்னரும் நான் கண்டதில்லை. மிதவைக்குத் திரும்பும்போது நளினி என்னிடம் சொன்னாள்:

"எங்களைக் கூட்டி வராதது தியாகமெண்டு நினைச்சீங்க. அது மொக்குத்தனம்."



அதிகாரியின் வராந்தா

புதன்கிழமை புதிய கட்டைக் கொடுத்தபோது அந்த அதிகாரி சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை எல்லாரும் ஒரே நாளில பிறந்தாங்க. இண்டைக்கு வேற வேற நாளில பிறந்திரிக்கிறாங்க. எது பொய் தம்பி, அதுவா இதுவா?" என்றார்.

விளக்கினேன். துடக்கு என்று நான் தொடங்கியதும் கையை உயர்த்தினார். "அலுவலகத்தில கதைக்கிற கதையா இது?"

என்னை எரித்தது அந்த ஒரு வாக்கியம். அவருடைய மேசைக்குப் பின்னால் சாமிப் படம் இருந்தது. நெற்றியில் திருநீறு இருந்தது. அமிர்தகழிக் கோயில் தீர்த்தத்துக்கு அவர் தவறாமல் போவார் என்று அந்த அலுவலகத்திலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். துடக்கு என்றால் என்னவென்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தன் வீட்டில் அதை ஒரு நாள் பிசகாமல் எண்ணியிருப்பார். ஒரு பெண்ணைக் கோயில் வாசலில் தடுத்து நிறுத்த அந்தக் கணக்குச் செல்லும். அவளுடைய பிள்ளைக்கு ஒரு கடதாசி கொடுக்க மட்டும் செல்லாது.

நாங்கள் சொல்லியனுப்பியபடி, வியாழக்கிழமை காலை முதல் மிதவையில் பத்துத் தாய்மாரும் வந்தார்கள். சாவடியில் ஒவ்வொருவராகச் சோதனை முடிந்து, பேருந்து ஏறி, அந்த அலுவலக வராந்தாவில் வந்து இருந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வாங்கு போதவில்லை. நிலத்தில் இருந்தார்கள். அதிகாரி வெளியே வந்து, "என்ன இது, சந்தையா?" என்றார்.

கனகம்மா எழுந்து நின்றாள். நான் எழுதிக் கொடுத்த வாக்கியங்களை அவள் மறந்துவிட்டாள். அது நல்லதாகப் போயிற்று.

"ஐயா, எனக்குக் குளிர்த்திக்கு அடுத்த நாள் துடக்குக் கழிஞ்சது. முப்பத்தொண்டு. என்ர புருசன் துடக்கோட கோயிலுக்குப் போன குற்றவாளி, அதையும் எழுதுங்க. இவளுக்கு மூணாம் நாள். அவளுக்கு..." என்று அவள் தொடங்க, மற்றவர்கள் தங்கள் தங்கள் நாளைத் தாங்களே சொல்லத் தொடங்கினார்கள். உரத்து. வரிசையில் நின்ற ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பக்கத்து மேசைக்காரர் ஏதோ கோப்பைத் தேடி உள்ளே போனார்.

"போதும், போதும். இது பொது இடம்," என்றார் அதிகாரி.

"உங்கட அம்மாவும் முப்பத்தொரு நாள் கிடந்துதான் ஐயா எழும்பியிருப்பா," என்றாள் கனகம்மா. "அவவும் ஏதோ ஒரு சடங்கைத் தவற விட்டிருப்பா. கேட்டுப் பாருங்க."

அவர் உள்ளே போய்ப் பேனாவை எடுத்தார். இரக்கத்தால் கையொப்பமிட்டார் என்று நான் எழுதமாட்டேன். அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்பதற்காகக் கையொப்பமிட்டார். பத்துப் படிவங்கள்.

பதினோராவதைக் கையில் எடுத்து, "தாய் எங்க?" என்றார்.

"வெளிநாடு சேர். போன கிழமை போனவ," என்றேன்.

"முதல் சத்தியம் செய்தவர்தான் திருத்த வேணும். ஆளில்லாமல் ஏலாது."

"நான் அடுத்த வீடு ஐயா," என்றாள் கனகம்மா. "எனக்கு அடுத்த நாள் பூமணிக்குக் கழிஞ்சது. ரெண்டு வீட்டுச் சீலையையும் ஒரே கட்டாடிதான் வெளுத்த. நான் சத்தியம் பண்ணுறன்."

"நீங்க தாயா?"

தவமலர் கதவோரத்தில் நின்றாள். சாவடியில் கனகம்மாவின் மகளென்று சொல்லி அவளை இக்கரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எட்டுப் பிள்ளைகளின் பிறந்த நாளைக் கண்டுபிடிக்க வழி காட்டியவள், தன் படிவம் மட்டும் மேசையின் ஓரத்துக்குத் தள்ளப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஜெயந்தன் என் தோளைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான்.

பட்டம் பெற்று அரசாங்க அலுவலகம் ஒன்றிலேயே நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, முதல் சத்தியம் செய்தவரே திருத்த வேண்டும் என்ற அந்த விதியைத் தேடினேன். பல நாள் தேடினேன். எந்தச் சுற்றறிக்கையிலும் அது எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூமணியின் கடவுச்சீட்டில் வயது ஆறு வருடம் குறைத்துப் போடப்பட்டிருந்தது. முகவர் செய்த வேலை. அந்தப் பொய்யான வயது எந்தக் கேள்வியுமின்றிக் கடல் தாண்டிப் போயிற்று. அவள் மகளின் உண்மையான நாளுக்கு ஒரு வாவியைத் தாண்ட முடியவில்லை.

கோபத்தின் பாதிப் பங்கு

அந்த அதிகாரியின் மேல் நான் கோபப்படுவது எளிது. இத்தனை வருடமும் அதைத்தான் செய்து வந்திருக்கிறேன். ஆனால் விளைவுகளை நிறுத்துப் பார்த்தால், தட்டின் மறுபக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது. பூமணி என் முன்னால் நின்றாள். பெருவிரலில் மை காயாமல் நின்றாள். மிதவை போய்விடும் என்ற அவசரத்தில் ஒரு கேள்வியோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

பரீட்சை தொடங்கிய காலையில் இறங்குதுறைக்குப் போயிருந்தேன். பத்துப் பிள்ளைகளும் வெள்ளைச் சீருடையில் மிதவையிலிருந்து இறங்கினார்கள். தவமலரும் அவர்களோடு இறங்கினாள், வீட்டு உடுப்பில். யாரோ ஒரு பிள்ளையின் கணித உபகரணப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சாவடி வரைக்கும் வந்து, பெட்டியைக் கொடுத்துவிட்டு நின்றாள். பத்துப் பேரும் அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள்.

நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அடுத்த வருடம் என்றேன். தாயிடமிருந்து தபாலில் கடதாசி எடுக்கலாம் என்றேன். அது பின்னர் நடந்தது. அடுத்த வருடம் அவள் எழுதினாள். ஆனால் அந்த ஒரு வருடத்தில், அக்கரையில் ஆள் சேர்க்க வந்தவர்கள் மூன்று முறை அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள், மூன்று முறையும் கனகம்மா அவளைத் தன் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஆகவே, 'ஒரு வருடம்தானே' என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

தவமலர் என் ஆறுதலை முடிக்க விடவில்லை.

"நீங்க கேட்டிருந்தா அம்மா சொல்லியிருப்பா, அண்ணன்."

குற்றம் சாட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. கணக்கில் பிழைத்த வரியைச் சுட்டிக்காட்டும் குரலில் சொன்னாள்.

அந்தப் பரீட்சை முடிந்து இரண்டு மாதம் கழித்து, இன்னும் உள்ளே தள்ளியிருந்த ஓர் ஊருக்குப் போனோம். நளினி வந்தாள். தவமலரும் வந்தாள், அவளாகவே கேட்டு. ஒரு வீட்டு வாசலில் ஒரு தாய் தலையைக் குனிந்தபடி நின்றாள். வழக்கமான கேள்விக்காக நான் வாயைத் திறந்தேன். தவமலர் என்னை முந்திக்கொண்டாள்.

"மாமி, அந்த வருசம் சடங்குக்குப் போனீங்களா?"

அந்தப் பெண் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல புள்ள. அந்த வருசம் எனக்குக் குளிர்த்தி இல்ல."

"எத்தின நாளால தவற விட்டீங்க?"

அந்தப் பெண் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடியும்வரை நான் பேனாவைத் திறக்கவில்லை.